நான் தப்பாகப் படித்துச் சொன்ன ஒரு வரி

என் செல்லத் தம்பி குமரேசா,

பசியாறிவிட்டாயா? போனை எடுத்ததும் நான் முதலில் கேட்பது அதுதானே. நீ இருக்கும் இடத்தில் சாப்பாடு எப்படியோ தெரியவில்லை. காரம் போதவில்லை என்று யாரிடமாவது வம்பு வளர்த்துக்கொண்டிருப்பாய்.

இங்கே எல்லாரும் நலம். உன் மகள் யாழினி பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். உன் உயரம் வந்துவிடும் போலிருக்கிறது, போன வருடச் சீருடை கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கிறது. அவள் அம்மா பவானி, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை நாற்றங்காலில் வேலைக்குப் போகிறாள். நான் இன்னமும் புக்கிட் செந்தோசாவில்தான், புட்டி மூடி செய்யும் அதே தொழிற்சாலையில்தான்.

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. எழுத வேண்டும் என்று பலமுறை உட்கார்ந்து, எழுதாமல் எழுந்து போயிருக்கிறேன். இப்போது எழுதுவதற்குக் காரணம், உன்னிடம் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். இதை நாலு பேர் படிக்கப் போகிறார்கள் என்று தெரியும். படிக்கட்டும். உன்னைப் போலச் செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிறவர்கள் யாராவது படித்தால் நல்லதுதான்.

வீட்டுக்கு ஏதாவது தாள் வந்தால் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, புக்கிட் ரோத்தானிலிருந்து மோட்டார் சைக்கிளில் நேரே என் வீட்டுக்கு வருவாயே, ஞாபகம் இருக்கிறதா? மலாய் என்றால் நீயே படித்துக்கொள்வாய். இங்கிலீஷ் என்றால் அக்காதான். "கிராணியம்மா, இதுல என்னா போட்டிருக்குன்னு பாருலா" என்று நீட்டுவாய். தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை பார்த்த கிராணிக்கு இருந்த மரியாதையை எனக்குக் கேலியாகக் கொடுத்தாய். கேலி என்றாலும் எனக்குப் பிடித்திருந்தது.

உனக்குத் தெரியாத ஒன்று. என் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிவம் மூன்றோடு நின்றுபோனது. புரியாத சொல் வந்தால் முன்னேயும் பின்னேயும் பார்த்து, இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்துச் சொல்வேன். பெரும்பாலும் சரியாக இருந்தது. ஒரே ஒரு முறை சரியாக இல்லை.

நீ போய் ஒன்றரை மாதத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் அறிக்கை வந்தது. காப்பீட்டு விண்ணப்பத்துக்காகப் பவானி கேட்டு வாங்கியது. இரண்டு பக்கம், முழுக்க இங்கிலீஷ். எலிக்காய்ச்சல் என்பதை ஏற்கெனவே வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். எலி மூத்திரம் கலந்த வாய்க்கால் தண்ணீர், உன் காலில் இருந்த வெட்டுக்காயம் வழியாக ஏறியிருக்கிறது. நான் வரிக்கு வரி விரலை வைத்துப் படித்துக்கொண்டு வந்தேன். பவானி எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிப் பத்தியில் ஒரு வரி. அதில் 'முன்னதாக' என்ற சொல் புரிந்தது. 'முடிவு' என்பதும் 'வேறு' என்பதும் புரிந்தன. மிச்சத்தை வழக்கம்போல ஊகித்துக்கொண்டேன்.

"என்னா அண்ணி போட்டிருக்கு?" என்றாள்.

"முன்னாடியே கொண்டு வந்திருந்தா பொழச்சிருப்பானாம்" என்றேன்.

பவானி தாளை வாங்கினாள், மடித்துப் பிளாஸ்டிக் பையில் போட்டாள், எழுந்து அடுப்படிக்குப் போனாள். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவது குறைந்துவிட்டது. தீபாவளிக்கு வருவாள். பலகாரத் தட்டை மேசையில் வைப்பாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு அண்ணி" என்று கிளம்பிவிடுவாள்.

அவளுக்கு அந்த வியாழக்கிழமை போன் விஷயம் தெரிந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். உனக்குத் தெரியுமே, அந்த போன். "அக்கா, காய்ச்சலா இருக்கு, கெண்டைக்கால முறுக்கி எடுக்குது" என்றாய். நான் வேலைக்குப் போகும் அவசரத்தில் இருந்தேன். "மாத்திரை போட்டுட்டுப் படு, ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கிறேன்" என்றேன். சனிக்கிழமை மத்தியானம் உன்னை ஆம்புலன்சில் ஏற்றினார்கள். திங்கட்கிழமை நீ இல்லை.

நான் வியாழக்கிழமையே கிளம்பி வந்திருந்தால் நீ பிழைத்திருப்பாய். இரண்டு வருடமும் இந்த ஒரு வாக்கியத்தோடுதான் காலையில் எழுந்தேன். சோறு வடிக்கும்போதும் அதுதான், பஸ்ஸிலும் அதுதான். யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது என் புதிய கதைக்கு வருகிறேன். கேட்டால் சிரிப்பாய். நாற்பத்து நான்கு வயதில் நான் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறேன்!

எங்கள் பிரிவின் தலைவி வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு என்னைப் போடலாம் என்றார்கள். ஆனால் தலைவி என்றால் அறிக்கையெல்லாம் இங்கிலீஷில் எழுத வேண்டும். அதனால் ரவாங்கில் ஒரு கடை மாடியில், சனிக்கிழமை மத்தியான வகுப்பில் சேர்ந்தேன். பதினொரு பேர் படிக்கிறோம். அதில் வயது கூடியவள் நான்தான். சொல்லிக்கொடுக்கும் நிஷா டீச்சருக்கு இருபத்தாறு வயது. என்னை அக்கா என்பாள்.

இரண்டாவது மாதம் நிபந்தனை வாக்கியங்கள் வந்தன. இப்படி நடந்தால் அப்படி ஆகும், இப்படி நடந்திருந்தால் அப்படி ஆகியிருக்கும் என்று சொல்வதற்கு அவர்கள் எத்தனை சின்னச் சொற்களை வைத்திருக்கிறார்கள் தெரியுமா? வில், வுட், குட், மைட், ஷுட். நான் எழுதிய முதல் வாக்கியத்திலேயே டீச்சர் சிவப்புக் கோடு போட்டாள்.

"அக்கா, இஃப் பக்கத்துல வில் போடாதீங்க. கமாவுக்கு அந்தப் பக்கம் போடுங்க."

"ஏன் டீச்சர், ரெண்டுக்கும் ஆகாதா?"

"ஆகாதுலா. தள்ளித் தள்ளி உட்கார வைங்க."

வகுப்பே சிரித்தது. எனக்கும் அந்த வாரம் சிரிப்பாகத்தான் இருந்தது. அதற்கடுத்த வாரம் தொழிற்சாலையில் சித்திக்கு அடிபட்டது.

சித்தி என்றால் நம் சித்தி இல்லை. இந்தோனேசியாவிலிருந்து வந்து எங்களோடு வேலை செய்கிற பெண். அவள் பெயரே அதுதான். ஐம்பது வயதிருக்கும். மூடிகள் ஓடிவரும் பட்டையின் ஓரத்தில் அவள் விரல்கள் சிக்கி, இரண்டு நகம் பெயர்ந்துவிட்டது. பிரிவுத் தலைவி விடுப்பில் இருந்ததால், "நீயே அறிக்கை எழுது, பழகின மாதிரியும் இருக்கும்" என்று மேனேஜர் தாளைக் கொடுத்தார். விபத்தைத் தவிர்க்க என்ன செய்திருக்க வேண்டும் என்று அதில் ஒரு கட்டம். அன்று சித்தி கையுறை போட்டிருக்கவில்லை. புதிதாகப் படித்ததைப் பார்த்துப் பார்த்து எழுதினேன்: சித்தி கையுறை போட்டிருந்தால் காயம் பட்டிருக்காது. 'வுட் நாட் ஹேவ்' என்று ஓர் எழுத்து பிசகாமல் எழுதினேன். எனக்கே பெருமையாக இருந்தது.

இரண்டு நாள் கழித்துச் சித்தி சாப்பாட்டு அறையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்திருந்தாள். தனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கப் போகிறார்கள் என்று மலாயில் சொன்னாள். ஏற்கெனவே ஒன்று வாங்கியிருக்கிறாளாம். இன்னொன்று வந்தால் வேலை அனுமதியைப் புதுப்பிக்க மாட்டார்கள், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். "நீங்கதான் எழுதினீங்களாமே. என்னா எழுதினீங்க?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

மேனேஜரிடம் போனேன். "நீதானே எழுதியிருக்கே, கையுறை போட்டிருந்தா அடிபட்டிருக்காதுன்னு. அப்ப அவ தப்புதானே?" என்றார். நான் எழுதியதை எனக்கே படித்துக் காட்டினார். அந்த வாக்கியத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு திரும்பி வந்தேன்.

சனிக்கிழமை வகுப்புக்கு அரை மணி முன்னதாகவே போய், டீச்சரிடம் அந்த வாக்கியத்தைக் காட்டினேன்.

"கிராமர்ல தப்பே இல்ல அக்கா."

"அப்புறம் ஏன் டீச்சர் இப்படி ஆகுது?"

அவள் அதில் ஒரு சொல்லுக்குக் கீழே கோடு போட்டாள். "வுட் ஹேவ் போட்டா, கண்டிப்பா அப்படித்தான் ஆகியிருக்கும்னு சத்தியம் பண்ற மாதிரி. மைட் ஹேவ் போட்டா, ஆகியிருக்கலாம், ஆகாமலும் போயிருக்கலாம்னு அர்த்தம். நீங்க எதைச் சத்தியம் பண்ண முடியும்?"

யோசித்துப் பார்த்தேன். எங்களுக்குத் தருவது மெல்லிய துணிக் கையுறை. பட்டை இழுத்த இழுப்புக்கு அது தாங்கியிருக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்த இயந்திரத்தின் பக்கத் தகடு திருகு கழன்று, டேப் ஒட்டி நின்றதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தகடு இறுகி இருந்தால் அந்த இடத்தில் விரல் நுழையவே வழி இல்லை.

திங்கட்கிழமை புதிய தாள் வாங்கி எழுதினேன். கையுறை போட்டிருந்தால் காயம் குறைந்திருக்கலாம். அங்கே மைட். பக்கத் தகடு சரியாகப் பூட்டியிருந்தால் விரல் உள்ளே போயிருக்காது. அங்கே வுட். மேனேஜர் இரண்டு முறை படித்தார். பிறகு எழுந்து இயந்திரத்துக்கே வந்து, டேப்பைப் பிரித்து, அந்தச் சந்தில் தன் பென்சிலை விட்டுப் பார்த்தார். பென்சில் முழுசாக உள்ளே போனது. அன்றே தகட்டை மாற்றினார்கள். எச்சரிக்கைக் கடிதப் பேச்சு அதோடு நின்றது. சித்தி தன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து பாதி மீனை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

அந்த மீனைத் தின்றுகொண்டிருக்கும்போதுதான் எனக்கு உன் அறிக்கை ஞாபகம் வந்தது, குமரேசா. அந்தக் கடைசி வரியில் இருந்தது வுட்டா, மைட்டா? எவ்வளவு முயன்றும் கண்ணுக்குள் அந்தச் சொல் வரவில்லை. அன்று எனக்கு இரண்டும் ஒன்றுதானே, பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பத்தாங் பெர்ஜுந்தை வழியாக உன் வீட்டுக்குப் போனேன். சொல்லாமல் போனேன். பவானி வாசலில் உட்கார்ந்து கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். யாழினி தேவார வகுப்புக்குப் போயிருந்தாள்.

"என்னா அண்ணி, திடீர்னு?"

"ஆஸ்பத்திரித் தாள் ஒன்னு இருக்குமே. அதைக் கொஞ்சம் எடுத்துட்டு வாயேன்."

அவள் முகம் இறுகியது. "அதை எதுக்கு இப்ப?" என்றாள். ஆனாலும் கையைத் துடைத்துக்கொண்டு போய் எடுத்து வந்தாள். அதே பிளாஸ்டிக் பை. மடித்த மடிப்புகூடக் கலையவில்லை.

கடைசிப் பத்தியைப் பார்த்தேன். அந்த வரி 'இஃப்' என்று தொடங்கவில்லை, 'ஹேட்' என்று தொடங்கியது. அதனால்தான் அன்று எனக்கு அது தலையும் காலும் புரியவில்லை. நடுவில் அந்தச் சொல் இருந்தது. மைட். என் கண்ணை நான் நம்பவில்லை. தாளைப் படம் எடுத்து நிஷா டீச்சருக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் அவள் குரல் வந்தது. "அக்கா, மைட் ஹேவ்தான். நோயாளி முன்னதாக வந்திருந்தால் முடிவு வேறு மாதிரி இருந்திருக்கலாம். அவ்வளவுதான் போட்டிருக்கு. அதுக்கு மேல இருக்கற வரியையும் பாருங்க, நோய் ரொம்ப வேகமாப் போச்சுன்னு இருக்கு."

பவானியும் கேட்டாள். போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் அன்னிக்குத் தப்பாச் சொல்லிட்டேன் பவானி" என்றேன். "பொழச்சிருப்பான்னு போடல. பொழச்சிருக்கலாம்னுதான் போட்டிருக்கு. எனக்குச் சரியாப் படிக்கத் தெரியல. தெரியலன்னு சொல்லவும் வெக்கமா இருந்துச்சு."

அவள் கீரைத் தட்டுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நீங்க என்னைத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன் அண்ணி" என்றாள். "கூட இருந்தவ நான்தானே. வெள்ளிக்கிழமை காலையில கிளினிக்குக்குக் கூப்பிட்டேன். செம்பனைக் கொல இன்னும் வெட்டி முடியல, நாளைக்குப் போலாம்னாரு. நானும் சரின்னு விட்டுட்டேன். கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கணும். ரெண்டு வருசமா உங்க மூஞ்சியைப் பார்க்க முடியல."

பாரேன் தம்பி. நான் அவளுக்கு முகம் காட்ட முடியாமல் இருந்தேன். அவள் எனக்கு. ஒரே மேசையில் பலகாரத் தட்டை வைத்துக்கொண்டு இருவரும் எங்கெங்கோ பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் வியாழக்கிழமை போனைப் பற்றிச் சொன்னேன். பவானி மூக்கைச் சிந்திக்கொண்டு, "எனக்குத் தெரியும் அண்ணி" என்றாள். "ஸ்பீக்கர் போட்டுத்தான் பேசினாரு. நான் பக்கத்துலதானே இருந்தேன். சாதாரணக் காய்ச்சலுக்கு யாரா இருந்தாலும் அதைத்தான் சொல்லுவாங்க. உங்களை நான் ஒரு நாளும் அப்படி நெனைக்கல."

கீரை அப்படியே வாடிப்போனது. இருவரும் அழுதோம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அழுகையை உன்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எழுந்து போய்க் காப்பி கலக்கிக் கொண்டு வந்திருப்பாய், அதுவும் சீனி அள்ளிப் போட்டு.

கொஞ்ச நேரம் கழித்துப் பவானி கேட்டாள். "அப்படின்னா நம்மால ஒன்னுமே செஞ்சிருக்க முடியாதா அண்ணி?"

"அப்படியும் போடலலா. முடிஞ்சிருக்கலாம். முடியாமலும் போயிருக்கலாம்."

அவள் வாடிய கீரையைத் தட்டோடு ஒதுக்கி வைத்துவிட்டு, "அப்ப இனிமே யாருக்காவது காய்ச்சல் வந்தா மொத நாளே போகணும்" என்றாள். பழைய பவானியின் குரல் அது. உன்னை அதட்டுவாளே, அந்தக் குரல்.

மறுவாரமே அவள், உன்னை வேலைக்கு வைத்திருந்த குத்தகையாளரைப் போய்ப் பார்த்தாள். காலையில் ஆட்கள் பேர் கொடுக்கப் பெரட்டுக்குக் கூடும் கொட்டகையில் ஒரு பலகை மாட்ட அனுமதி கேட்டாள். அவரும் சரி என்றார். இப்போது அங்கே குலை வெட்டுகிறவர்களில் பாதிப் பேர் வங்காளதேசத்துக்காரர்கள், மிச்சம் இந்தோனேசியர்களும் நம் ஆட்களும். அதனால் மூன்று மொழியில் எழுத வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டாள். தமிழும் மலாயும் தகராறு இல்லாமல் முடிந்தன. இங்கிலீஷுக்கு வந்ததும் நான் தூரிகையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

"காய்ச்சல் வந்தால் அன்றே கிளினிக்குக்கு, அப்புறம் என்னா போடறது? மே போட்டா, விருப்பம்னா போன்னு அர்த்தம். ஷுட் போட்டா, போறது நல்லதுன்னு அர்த்தம். மஸ்ட் போட்டா, போயே ஆகணும்."

பவானி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நல்லதுன்னு சொன்னா ஆம்பளைங்க கேப்பாங்களா? போயே ஆகணும்னு போடுங்க."

மஸ்ட் என்று போட்டேன். மற்ற சொற்களைவிடப் பெரிதாக, சிவப்பில். அதற்குக் கீழே, செம்பனைக் காட்டில் வேலை செய்வதை டாக்டரிடம் சொல்லுங்கள் என்று ஒரு வரி. எழுத்து கொஞ்சம் கோணல்தான். மேட்டு நிலத்திலிருந்து பார்த்தால்கூடத் தெரிகிறது.

போன மாதம் ரஹீம் என்ற வங்காளதேசத்துக்காரர் விடியற்காலையில் பவானி வீட்டு வாசலில் வந்து நின்றார். காய்ச்சல், கெண்டைக்காலில் வலி. தன் போனில் அந்தப் பலகையைப் படம் எடுத்து வைத்திருந்தார். சிவப்புச் சொல்லைத் தொட்டுக் காட்டி, "காக்கா, மஸ்ட்" என்றாராம். மலாயில் அக்காவைத்தான் அப்படிக் கூப்பிடுகிறார். பவானி நாற்றங்கால் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, அவரைத் தன் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கிளினிக்குக்குக் கொண்டு போனாள். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எலிக்காய்ச்சலேதான். ஊசி மருந்து கொடுத்து ஒரு வாரம் வைத்திருந்தார்கள். இப்போது மறுபடி வேலைக்கு வந்துவிட்டார். முழங்கால் வரை பூட்ஸ் இல்லாமல் காட்டுக்குள் இறங்க மாட்டேன் என்று குத்தகையாளரிடம் சண்டை போட்டு, எல்லாருக்கும் பூட்ஸ் வாங்க வைத்திருக்கிறாராம்.

பவானி அன்று போனில் இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள். கடைசியில், "அவரு அன்னிக்கு வராம இருந்திருந்தா என்னா அண்ணி ஆகியிருக்கும்?" என்று கேட்டாள்.

"தெரியலலா பவானி" என்றேன்.

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். தெரியாது என்று சொல்வதற்கு எனக்கு வெட்கமாகவே இல்லை, குமரேசா.

ஒன்று சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கொள். உன் வீட்டுக்கு இனி எந்தத் தாள் வந்தாலும் புரிந்ததைப் புரிந்தது என்பேன், புரியாததைக் கேட்டு வந்து சொல்வேன். மழையிலும் வெயிலிலும் அந்தப் பலகை வெளுக்கும்போதெல்லாம் நானே வந்து, என் கையாலேயே மறுபடி எழுதுவேன். பவானியையும் யாழினியையும் தனியாக விடமாட்டேன். இந்த மூன்றுக்கும் சத்தியம் செய்கிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்கு வாரா வாரம் சாப்பிட வருகிற,
உன் அக்கா